கிணற்றடியில் சொல்லும் சொல்

கரிசல் காட்டின் நடுவே ஒரு கிணறு இருந்தது. கிணற்றை ஒட்டி ஒரு மடம். கூரை வேய்ந்த ஒரு கூடம், ஓர் அடுக்களை, ஒரு மாட்டுக்கொட்டில், பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். அவ்வளவுதான் மடம்.

குடியை விட முடியாதவர்கள் அங்கே வந்து தங்கினார்கள். சிலர் தாங்களாக வந்தார்கள். பலரை வீட்டார் கொண்டுவந்து விட்டார்கள். மடத்துக்கு மதில் இல்லை, கதவு இல்லை. போகிறவர் போகலாம்.

போனவர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், கிணற்றடியில் நின்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்.

"பின்வாங்கினேன்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எங்கே, எப்போது, யாரோடு என்ற கேள்வி கிடையாது. மறுநாள் காலையில் மாடு பூட்டி இறைக்கும் கமலை அவருடையது. தோட்டத்துக்கு அவர்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். அதைத் தண்டனை என்று மடத்தில் யாரும் சொன்னதில்லை. வேறு என்னவென்றும் சொன்னதில்லை.

அணஞ்சபெருமாள் அந்தக் கமலையை நன்றாக ஓட்டினார். பஞ்சு மில்லில் எடை போடும் வேலை பார்த்தவர் அவர். மடத்துக்கு வரும்வரை மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தொட்டதில்லை. திரும்பத் திரும்ப விழுந்து, திரும்பத் திரும்ப ஓட்டி, தொழில் கைக்கு வந்துவிட்டது.

அன்று காலையும் அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாடுகள் இரண்டும் கிணற்றுக்கு முதுகு காட்டி நின்றன. சரிவில் இறங்கியதும் வடம் இழுபட்டு, அதில் கட்டிய கூனைச் சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து தொட்டியில் கொட்டியது. கொட்டிய பிறகு மாடுகள் திரும்புவதற்கில்லை. பின்னங்கால்களைத் தேடித் தேடி வைத்து, முதுகுப்பக்கமாகவே சரிவில் ஏறின. கூனை கிணற்றுக்குள் இறங்கியது. அவர் "ஹோ" என்றார். மாடுகள் நின்றன.

சொள்ளமுத்து மடைகளில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். மடத்தில் அவன்தான் பேச்சுக்காரன். முன்பு லாரி ஓட்டியவன்.

"அண்ணாச்சி, மாட்டுக்கு உங்களைக் கண்டாலே சந்தோஷம். காலையில உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் தானா எந்திச்சி நிக்கிறானுக."

பெருமாள் வடத்தைச் சரிபார்த்தார்.

"நெசமாத்தான் சொல்லுதேன். நீரு ஒழுங்கா இருந்தா தோட்டம் காஞ்சுபோவும்வே. இந்தக் கத்திரிச்செடி பூராவும் உம்ம புண்ணியம்."

"பேசாம இருலே."

"இன்னைக்கு மக வருதாளே, தெரியுமில்லா?"

"தெரியும்."

"தை பொறந்தாச்சு. சொன்ன சொல்லுக்கு வந்து நிப்பா."

பெருமாள் வடத்தின்மேல் உட்கார்ந்தார். மாடுகள் சரிவில் இறங்கின. தண்ணீர் வந்தது.

அவர் மகள் பகவதி போன தடவை வந்தபோது கிணற்றடியில் வைத்துத்தான் அதைச் சொன்னாள். "தை பிறந்ததும் வருவேன். அதுவரைக்கும் தொடாம இருந்தீங்கன்னா என்னோட வந்துருங்க. எங்க வீட்டுலயே இருக்கலாம். பிள்ளையப் பாத்துக்கிடலாம். இல்லேன்னா இனிமே வரமாட்டேன்ப்பா. அவுக வீட்டுல இதுக்குமேல என்னால கேக்க முடியாது."

அவர் இருந்தார். ஆவணியில் இருந்தார், ஐப்பசி மழையில் இருந்தார், மார்கழிப் பனியில் இருந்தார். பொங்கல் கழிந்ததும் பேத்திக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும் என்று டவுனுக்குப் போனார். சட்டையை எடுத்தார். கடைக்காரன் தாளில் மடித்துக் கொடுத்தான். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மனசு நிறைய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

நேற்றுச் சாயங்காலம் கிணற்றடிக்கு வந்து நின்றார். வேட்டியெல்லாம் மண். சட்டைப் பொட்டலம் மட்டும் கசங்காமல் கையில் இருந்தது.

"பின்வாங்கினேன்" என்றார்.

சொள்ளமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அருகில் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்லுதேன், கேளும். வாயை நல்லாக் கொப்புளிச்சு, குளிச்சு, திருநீறு பூசி, மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு மகளோட கிளம்பிரும். இங்க யாரு சொல்லப்போறா? நான் சொல்லுவனா? நம்ம மடத்துச் சாமி சொல்லுமா?"

"சாமி சொல்லாது."

"பொறவென்ன?"

"அவ கேப்பாளே."

"கேட்டா இல்லைன்னு சொல்லும். நீரு சொல்லாத பொய்யா?"

பெருமாள் மாடுகளைப் பார்த்தார். அவை வேலை முடிந்ததுபோல அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"இல்லைன்னு சொல்லமாட்டேன். குடிச்சேன்னும் சொல்லமாட்டேன். நம்ம சொல்லு ஒண்ணு இருக்கில்லா? அதைச் சொல்லுவேன்."

"எதை? பின்வாங்கினேன்னா?"

"ஆமா."

சொள்ளமுத்து சிரித்துவிட்டான். "பட்டாளத்துல இருந்து வந்தவுகன்னு நினைக்கப்போறா."

"நினைச்சா நினைக்கட்டும். பொய் சொன்னதாவும் ஆகாது."

சொல்லிவிட்டாரே தவிர, மனசு ஒப்பவில்லை. மாடுகளை அவிழ்க்காமல் அப்படியே நிறுத்திவிட்டு, தோட்டத்துப் பக்கம் போனார்.

கொண்டல்சாமி கத்திரிப்பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் குரு. வயதில் பெருமாளைவிடச் சிறியவர். அதனால் பெருமாளை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பெருமாள் அவரைச் சாமி என்பார். மடத்தில் இதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

"சாமி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பின்வாங்கினேன்னு சொல்லுறோமே. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்னு நினைச்சேன். இப்ப தெரியல."

"எதுக்குக் கேக்கீங்க?"

"மத்தியானம் என் மக வருதா. அவகிட்ட அதைச் சொல்லப்போறேன். சொல்லுறதுக்கு முன்னால அது என்ன சொல்லு, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிடணும்."

சாமி களைகளை வரப்பில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கிணற்றடிக்கு வந்து மாடுகளின் நுகத்தை அவிழ்த்து, அவற்றை ஓரமாகக் கட்டினார்.

"சரிவுல இறங்கி நில்லுங்க" என்றார்.

பெருமாள் இறங்கி, மாடு நிற்கும் இடத்தில் நின்றார்.

"கிணத்துக்கு முதுகு காட்டுங்க."

காட்டினார்.

"இனி பின்னால ஏறுங்க. திரும்பிப் பாக்கக்கூடாது."

பெருமாள் ஏறத் தொடங்கினார். மாடுகளை எத்தனையோ தடவை அந்தச் சரிவில் பின்னுக்கு நடத்தியிருக்கிறார். தானே நடந்ததில்லை. குதிகாலால் தரையைத் தேடித் தேடி வைத்தார். பாதிச் சரிவு வரை தைரியம் இருந்தது. அதற்குமேல் கால் சின்னச் சின்னதாக விழுந்தது. முதுகில் கிணற்றின் குளிர்ச்சி பட்டது. நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"இன்னும் எவ்வளவு இருக்கு, சாமி?"

சாமி பதில் சொல்லவில்லை.

இன்னும் ஓர் அடி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒன்று. ஒரு சின்னக் கல் குதிகாலில் பட்டு உருண்டது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு ஆழத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க நிக்கச் சொல்லலையே, சாமி."

"மாடு எப்படி நிக்குது?"

"நான் ஹோன்னு சொல்லுதேன். நிக்குது."

"நீங்க சொல்லாட்டி?"

"உள்ள போயிரும்."

"அது திரும்பிப் பாத்துக்கிடாதா?"

"நுகம் கழுத்துல இருக்கையில எங்க திரும்ப? அதுக்குக் கிணறு தெரியாது. நம்ம சத்தம் மட்டுந்தான்."

சாமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு யாரு சத்தம் குடுத்தா?"

பெருமாள் வெகுநேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"செண்பகவடிவு குடுத்தா."

"உங்க சம்சாரம்."

"ஆமா. திட்டமாட்டா. அழமாட்டா. வாசல்ல வந்து நின்னு, 'ஏங்க'ன்னு ஒரு சத்தம் குடுப்பா. தெருமுனை வரைக்கும் போனவன் திரும்பி வந்திருக்கேன். எல்லா நாளும் இல்ல. சில நாள்."

"இப்ப?"

"அவதான் போயிட்டாளே, சாமி."

வேப்பமரத்தில் காகம் ஒன்று கத்தியது. சொள்ளமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தொலைவிலேயே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அர்த்தம் கேட்டீங்க" என்றார் சாமி. "எங்க இருந்து வந்துச்சுன்னும் கேட்டீங்க."

"ஆமா."

"பழைய சாமியைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு?"

"உங்களுக்கு முன்னால இருந்தவுக. அவ்வளவுதான் தெரியும்."

"இந்தக் கிணறு அவரோடது. தோட்டமும் அவரோடது. அப்ப மடம் இல்ல. இந்தக் கூடம்தான் வீடு. அவரு நல்ல சம்சாரி, வெள்ளாமையில கெட்டிக்காரரு. குடியும் உண்டு. குடிச்சா வரப்புல கிடப்பாரு, கோயில் வாசல்ல கிடப்பாரு. அவரு கிடக்கிற நாள்ல அவரு சம்சாரம் கமலை ஓட்டும். பொம்பளை வடத்துல உக்காந்து ஓட்டுறதை ரோட்டுல போறவன் நின்னு பாத்துட்டுப் போவான்."

பெருமாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாராவது வருவாங்க. 'எங்கம்மா அவரு, மறுபடியும் ஊத்திக்கிட்டாரா'ன்னு கேப்பாங்க. அந்தம்மா குடிச்சிருக்காருன்னு சொல்லாது. இல்லைன்னும் சொல்லாது. வடத்துல இருந்தபடியே ஒரு பதில்தான் சொல்லும்."

"என்னன்னு?"

"'மாடு பின்வாங்குதுண்ணே. கூனை உள்ள போயிருக்கு. வந்துரும்.'"

பெருமாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க இருந்துதான் வந்துச்சு அந்தச் சொல்லு" என்றார் சாமி.

"ஊருக்காரன் நம்புனானா?"

"உங்க சம்சாரம் என்ன சொல்லும்?"

"எம்பொண்டாட்டியா?" பெருமாளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறொன்றாக மாறியது. "மில்லுல நைட் ஷிப்டுன்னு சொல்லுவா. யாரு வந்து கேட்டாலும் நைட் ஷிப்டு. மில்லை இழுத்து மூடின பொறவும் அதையேதான் சொன்னா."

"ஊரு நம்புச்சா?"

"மில்லு மூடினது ஊருக்கே தெரியுமே, சாமி."

சாமி தலையை ஆட்டினார்.

"பொறவு என்னாச்சு?" என்று பெருமாள் கேட்டார். "கூனை வந்துச்சா?"

"வந்துச்சு. பழைய சாமி ஒருநாள் குடியை விட்டாரு. விட்டது விட்டதுதான். அதுக்கப்புறம் தொடல."

"அந்தம்மா?"

"அது செத்து எட்டாம் நாள் காரியம் முடிஞ்ச பொறவுதான் விட்டாரு."

பெருமாள் தரையில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கினார்.

"காலையில எந்திரிச்சாரு. மாட்டைப் பூட்டினாரு. முதல் கூனைத் தண்ணி வந்து தொட்டியில கொட்டிச்சு. தண்ணி வாய்க்கால்ல ஓடுச்சு. மடையில நின்னு திருப்பிவிட ஆளில்ல. அது பாட்டுக்கு ஓடித் தரிசுல பாஞ்சுச்சு."

"அவுக யாருகிட்டயாவது..."

"ரோட்டுல போனவன் ஒருத்தன் நின்னு கேட்டான். 'என்னய்யா, இன்னைக்கு நீரே ஓட்டுறீரு?'ன்னு. இவரு சொன்னாராம், 'இத்தனை நாளும் பின்வாங்கிட்டேன்'னு. அந்தச் சொல்லை அவரு சொன்னது அன்னைக்குத்தான் முதல் தடவை. அதுவரைக்கும் அது அந்தம்மா சொன்ன சொல்லு. அவருக்காகச் சொன்னது. பொறவு சொல்ல ஆளில்ல. அவரே சொல்லிக்கிட வேண்டியதாப் போச்சு."

பெருமாள் எழுந்தார். கிணற்றின் விளிம்புக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். கூனை ஆழத்தில் தண்ணீரில் கிடந்தது.

"அப்ப இது நான் சொல்லுற சொல்லு இல்ல" என்றார்.

சாமி பேசவில்லை.

"எனக்காக ஒருத்தி சொல்ல வேண்டிய சொல்லு."

சாமி மாடுகளை அவிழ்த்துக்கொண்டுவந்து மறுபடி நுகத்தில் பூட்டினார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ரோட்டில் பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது. பெருமாள் குளித்திருந்தார். சொள்ளமுத்து சொன்னபடியே திருநீறு பூசியிருந்தார். மஞ்சப்பையையும் கட்டி வைத்திருந்தார். ஏன் கட்டினார் என்று அவருக்கே தெரியாது.

பகவதி தனியாகத்தான் வந்தாள். ரோட்டோரம் புளியமரத்தடியில் அவள் புருஷன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அங்கிருந்து பார்க்க முகம் தெரியவில்லை. ஒரு சின்னப் பாவாடை அசைவது மட்டும் தெரிந்தது.

"வாம்மா" என்றார் சாமி.

"கும்பிடுதேன் சாமி." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "மெலிஞ்சிட்டீங்களேப்பா."

"அதெல்லாம் இல்ல. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"அவுகளை ஏன் அங்க நிக்கவிட்டுட்டே? கூட்டிட்டு வரக்கூடாதா?"

"முதல்ல நான் வந்து பாத்துட்டு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். மஞ்சப்பையைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. பெருமாள் அந்தத் தெளிவைப் பார்த்தார். செண்பகவடிவு வாசலில் நிற்கும்போது, அவர் தெருமுனையிலிருந்து திரும்பி வரும் நாட்களில், அவள் முகம் அப்படித்தான் தெளியும்.

"பையெல்லாம் கட்டியாச்சா?" என்றாள் பகவதி. சிரித்தாள். "அப்ப இருந்துட்டீங்க?"

சொள்ளமுத்து தோட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்பதுபோல் கையை மெல்ல அசைத்தான்.

பெருமாள் வாயைத் திறந்தார். மடத்தின் சொல் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கினார்.

"குடிச்சேன்ம்மா" என்றார்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "எப்ப?"

"முந்தாநாள். உன் பிள்ளைக்குச் சட்டை எடுக்கப் போனேன். எடுத்துட்டுக் குடிச்சேன்."

மாடு ஒன்று தலையை உதறியது. கழுத்துமணி ஒலித்து ஓய்ந்தது.

பகவதி அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இப்படி நேரா ஒரு வார்த்தை நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லப்பா."

"ஆமா."

"அம்மாகிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"கடைசி வரைக்கும் நைட் ஷிப்டு, நைட் ஷிப்டுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா. ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டப்பக்கூட."

பெருமாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பகவதி தாளைப் பிரித்தாள். ரோஸ் கலரில் சின்னச் சட்டை. கழுத்தில் பூ வேலை. அதைக் கையில் விரித்துப் பிடித்துப் பார்த்தாள். அளவு பார்ப்பதுபோல் தன் வயிற்றோடு சேர்த்து வைத்தாள்.

"அவளுக்கு இது இப்ப பத்தாதுப்பா."

"பெரிய சைசுன்னுதான் கேட்டு வாங்கினேன்."

"வளந்துட்டா."

சட்டையை மறுபடி அதே மடிப்பில் மடித்தாள். கிணற்றுக்கல்லின் மேல் வைத்தாள். குனிந்து அப்பாவின் காலைத் தொட்டாள்.

"நான் சொன்னது சொன்னதுதான்ப்பா. என்னை வையாதீங்க. அவுக வீட்டுல உங்களுக்காகக் கேக்க எனக்கும் ஒரு சொல்லுதான் இருந்துச்சு. அதையும் சொல்லி முடிச்சிட்டேன்."

"நான் எதுக்கு உன்னை வையப்போறேன்."

"வாரேன் சாமி."

வாரேன் என்றுதான் சொன்னாள். எல்லோரும் சொல்வதுதான். வரப்பு வழியாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். புளியமரத்தடியில் அந்தச் சின்னப் பாவாடை அவளை நோக்கி ஓடிவந்தது. பகவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மூன்று பேரும் ரோட்டில் நின்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பஸ் வந்தது. பஸ் போன பிறகு ரோட்டில் யாரும் இல்லை.

சொள்ளமுத்து அருகில் வந்தான். கேலியாக ஏதோ சொல்லத்தான் வந்தான்போல. மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனான்.

பெருமாள் ரோட்டைப் பார்த்தபடியே நின்றார்.

"உண்மையைச் சொன்னேன், சாமி."

"ஆமா."

"போயிட்டா."

"ஆமா."

"சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் பஸ்ஸுல பிள்ளையை மடியில வச்சிருப்பேன்."

"ஆமா அண்ணாச்சி."

வெயில் சரிவின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. மாடுகள் நுகத்தோடு காத்து நின்றன. பெருமாள் கிணற்றுக்கல்லில் உட்கார்ந்தார். பக்கத்தில் ரோஸ் சட்டை இருந்தது. காற்றில் தாள் படபடத்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

வெகுநேரத்துக்குப் பிறகு கேட்டார்.

"பழைய சாமிக்குப் பிள்ளைக இல்லையா?"

"ஒரு மகன்."

"அவன் எங்க? அம்மா செத்தப்ப அவன் இல்லையா?"

"இருந்தான். காரியம் முடிஞ்சதும் மாமன் வீட்டுக்குப் போயிட்டான்."

"அப்பன் குடியை விட்டது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஊரே சொல்லுச்சே."

"பொறவும் வரலையா?"

சாமி ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

"அந்தப் புளியமரம் வரைக்கும் வருவான். பெரியவனான பொறவும் வருவான். அங்க நின்னா கமலைச் சத்தம் கேக்கும். அவரு ஹோன்னு சொல்லுறது கேக்கும். கொஞ்ச நேரம் நிப்பான். அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிருவான்."

பெருமாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். கொண்டல்சாமியின் முகத்தில் ஒன்றும் இல்லை. நெற்றியில் களை பிடுங்கிய மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"ஒரு தடவைகூட உள்ள வரலையா, சாமி?"

"ஒரு தடவை வந்தேன்."

"எப்ப?"

"அவரைத் தூக்குற அன்னைக்கு."

பெருமாள் கையைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை.

"அதுவரைக்கும் அவுக என்ன செஞ்சாக?"

"இறைச்சாரு" என்றார் சாமி. "நான் வந்தப்ப தோட்டம் பூராவும் கத்திரிக்காய் முத்திப் பழுத்துக் கிடந்துச்சு, அண்ணாச்சி. பறிக்க ஆளில்ல."